நோய் பிடித்த செடியிலிருந்து டி.என்.ஏ. வரை: பயிர் நோயியல் ஆராய்ச்சியாளர் ஆக ஒரு முழுமையான வழிகாட்டி

லால்குடி பக்கம் ஒரு ரஸ்தாளித் தோட்டத்தில்தான் எனக்கு இந்தப் படிப்பு பிடித்துப்போனது. தார் தள்ள வேண்டிய மரங்கள் அடி இலையிலிருந்து மஞ்சளாகி, காம்பு ஒடிந்து, தண்டைச் சுற்றிப் பாவாடை கட்டியது போலத் தொங்கிக்கொண்டிருந்தன. தோட்டத்துக்காரர் அரிவாளால் ஒரு மரத்தின் அடியை வெட்டிக் காட்டினார். வெள்ளையாக இருக்க வேண்டிய கிழங்கில் செம்பழுப்பு நிறத்தில் புள்ளிகளும் வளையங்களும் ஓடின. "இங்க பாரும்மா, உள்ளயே கருகிக் கிடக்கு. மேல மருந்து அடிச்சு என்ன ஆகப்போகுது?" என்றார்.

அவர் சொன்னது முழுக்கச் சரி. அது வாழையின் வாடல் நோய். பியூசேரியம் ஆக்ஸிஸ்போரம் என்ற மண் பூசணம் வேர் வழியாக நுழைந்து, நீரைக் கடத்தும் குழாய்களில் வளர்ந்து அடைத்துவிடுகிறது. இந்த நோயை வயலில் அடையாளம் கண்டு, காரணத்தை நிரூபித்து, கட்டுப்படுத்த வழி தேடுவது பயிர் நோயியல். அந்தப் பூசணத்திடம் ரஸ்தாளி ஏன் விழுகிறது, பக்கத்துத் தோட்டத்துப் பூவன் எப்படித் தாக்குப்பிடிக்கிறது என்று செல்லுக்குள்ளே போய்க் கேட்டால் அது மூலக்கூறு உயிரியல்.

இரண்டையும் சேர்த்துக் கற்க விரும்பும் மாணவர்களுக்காக இதை எழுதுகிறேன். வயலை முதலிலும் டி.என்.ஏ.வை அப்புறமும் கற்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. ஏன் என்பதை என் சொந்த அனுபவத்தோடு நான்காம் படியில் சொல்கிறேன்.

படி 1: எந்த மாதிரி வேலை இது என்று தெரிந்துகொள்ளுங்கள்

பயிர் நோய் சோற்றோடு சம்பந்தப்பட்டது. 1845-ல் அயர்லாந்தில் உருளைக்கிழங்கு கருகல் நோய் வந்து பெரும் பஞ்சம் ஏற்பட்டது. 1869-ல் இலங்கையில் காபித் துரு நோய் கண்டுபிடிக்கப்பட்டது. அடுத்த சில பத்தாண்டுகளில் காபித் தோட்டங்கள் அழிந்து அந்த மலைகள் தேயிலைக்கு மாறின. தமிழகத்திலிருந்து போன தோட்டத் தொழிலாளர்களின் வாழ்க்கையும் அதோடு சேர்ந்து மாறியது. 1943 வங்கப் பஞ்சத்துக்குப் போர்க்காலக் கொள்கையும் விலையேற்றமும் காரணங்கள் என்று வரலாற்றாசிரியர்கள் எழுதியிருக்கிறார்கள். அதற்கு முந்தைய பருவத்தில் நெல்லைத் தாக்கிய பழுப்புப் புள்ளி நோயின் பங்கை நோயியல் அறிஞர் எஸ்.ஒய்.பத்மநாபன் 1973-ல் எழுதிய கட்டுரை விரிவாக விளக்கியது.

மூலக்கூறு உயிரியலுக்கு அடித்தளம் போட்டதில் பயிர் நோய்களுக்குப் பெரிய பங்கு உண்டு. வைரஸ் என்ற ஒன்று இருப்பதே 1890-களில் புகையிலைத் தேமல் நோயை ஆராய்ந்தபோதுதான் தெரியவந்தது. அக்ரோபாக்டீரியம் என்ற மண் பாக்டீரியா செடியில் கழலை உண்டாக்கும்போது தன் டி.என்.ஏ.வின் ஒரு துண்டைச் செடியின் செல்லுக்குள் செருகிவிடுகிறது என்று மேரி-டெல் சில்டனும் அவருடைய சகாக்களும் 1977-ல் காட்டினார்கள். செடிக்குள் மரபணுவைக் கொண்டுபோகும் முக்கியமான கருவியாக இன்றைக்கும் இருப்பது அந்தக் கழலைப் பாக்டீரியாதான். அதனால் இந்த இரண்டு துறைகளையும் சேர்த்துப் படிப்பது வலிந்து ஒட்டவைக்கிற வேலையில்லை. ஆரம்பத்திலிருந்தே ஒன்றாக வளர்ந்தவை அவை.

படி 2: பட்டப்படிப்பு, இரண்டு பாதைகள்

பிளஸ் டூவில் உயிரியல் எடுத்திருப்பது நல்லது. அதன்பின் பாதை இரண்டாகப் பிரியும். இந்த இடத்தில் விவரம் தெரியாமல் முடிவெடுத்துவிட்டுப் பின்னால் வருந்தும் மாணவர்களை ஒவ்வொரு ஆண்டும் பார்க்கிறேன்.

முதல் பாதை, நான்கு ஆண்டு வேளாண்மை அல்லது தோட்டக்கலைப் பட்டம். கோவையில் உள்ள தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம், மதுரை, திருச்சி, கிள்ளிகுளம் போன்ற இடங்களில் உள்ள அதன் கல்லூரிகள், அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் வேளாண்மைப் புலம் ஆகியவை இதில் வரும். இதற்குப் பின் முதுநிலையில் பயிர் நோயியலையே எடுக்கலாம்.

இரண்டாம் பாதை, தாவரவியல், நுண்ணுயிரியல், உயிரித்தொழில்நுட்பம் ஆகியவற்றில் பி.எஸ்சி. அல்லது பி.டெக். இதிலிருந்து எம்.எஸ்சி. முடித்து, சி.எஸ்.ஐ.ஆர். நெட் என்ற தேசியத் தகுதித் தேர்வை எழுதி, தாவர நோய் ஆய்வு நடக்கும் அறிவியல் நிறுவனங்களுக்குப் போகலாம். மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தின் உயிரித்தொழில்நுட்பப் பள்ளியில் பேராசிரியர் கே.வேலுத்தம்பியின் குழு உளுந்தின் மஞ்சள் தேமல் வைரஸில் செய்த ஆய்வு இந்தப் பாதையின் நல்ல உதாரணம். சென்னைப் பல்கலைக்கழகத் தாவரவியல் துறையில் டி.எஸ்.சதாசிவன் பருத்தி வாடல் நோயை எடுத்துக்கொண்டு ஒரு ஆய்வு மரபையே உருவாக்கினார்.

வேறுபாடு எங்கே வருகிறது? வேளாண் பல்கலைக்கழகங்களில் பெரும்பாலானவை பயிர் நோயியல் முதுநிலைக்கு வேளாண்மை அல்லது தோட்டக்கலைப் பட்டம் கேட்கின்றன. தாவரவியல் படித்தவருக்கு அந்தக் கதவு பெரும்பாலும் மூடியே இருக்கும். பின்னால் வேளாண் துறை வேலைகளுக்கு விண்ணப்பிக்கும்போதும் அதே தடை வரும். வேளாண்மை படித்தவருக்கோ உயிர்வேதியியலும் மரபணுவியலும் ஆழமாகக் கிடைப்பதில்லை, தனியாக உழைத்துத்தான் நிரப்ப வேண்டும். எந்தப் பாதையில் இருந்தாலும் மறுபக்கத்தின் குறையை நீங்களே ஈடுகட்டப் பழகுங்கள்.

படி 3: கல்லூரி நாட்களில் கண்ணைப் பழக்குங்கள்

பாடப்புத்தகப் படத்தில் இருப்பது போல நோய் வயலில் இருக்காது. உரச்சத்துக் குறைவும் வைரஸும் ஒரே மாதிரி மஞ்சளைக் காட்டும். களைக்கொல்லி பட்ட இலை சுருங்கி, தேமல் நோய் போலத் தெரியும். இதைப் பிரித்தறியப் பத்து வயலாவது நடந்திருக்க வேண்டும். வேளாண் மாணவர்களுக்கு இறுதியாண்டில் 'ராவே' என்ற கிராமத் தங்கல் பயிற்சி வரும். பலர் அதை அறிக்கை எழுதி முடிக்கும் சடங்காக நினைத்துவிடுகிறார்கள். அந்த வாரங்களைத் தயவுசெய்து வீணாக்காதீர்கள். ஒரு முழுப் பருவம் ஒரு நோய் எப்படிப் பரவுகிறது என்று விவசாயியோடு நின்று பார்க்கும் வாய்ப்பு அப்புறம் எளிதில் கிடைக்காது.

செலவே இல்லாத ஒரு சோதனையை இன்றே செய்து பார்க்கலாம். தக்காளி அல்லது கத்தரிச் செடி பச்சையாக இருக்கும்போதே திடீரென்று வாடினால், அடித்தண்டை ஒரு சாண் நீளத்துக்கு வெட்டி, வெட்டுமுகம் நீரில் அமிழுமாறு கண்ணாடித் தம்ளரில் தொங்கவிடுங்கள். பாக்டீரியா வாடலாக இருந்தால் சில நிமிடங்களில் வெட்டிய இடத்திலிருந்து பால் போன்ற வெள்ளை இழை நேராகக் கீழே இறங்கும். பூசண வாடலில் இது வராது. முதன்முறை அந்த இழையைப் பார்த்தபோது எனக்குச் சிலிர்த்துவிட்டது. கோடிக்கணக்கான பாக்டீரியாக்கள் கண்ணுக்கு முன்னால் ஒழுகிக்கொண்டிருந்தன.

விவசாயிகள் வைத்திருக்கும் பெயர்களையும் சேகரியுங்கள். நெற்பழ நோயை 'லட்சுமி நோய்' என்பார்கள், அது வந்தால் அந்த ஆண்டு விளைச்சல் நன்றாக இருக்கும் என்ற நம்பிக்கையில். அந்த நம்பிக்கைக்குள் ஒரு கவனிப்பும் இருக்கிறது: நல்ல மழையும் உரமும் கிடைத்த செழிப்பான வயலில்தான் அந்த நோய் அதிகம் வருகிறது.

கோடை விடுமுறைக்கு ஆய்வகம் தேடுங்கள். நாட்டின் மூன்று அறிவியல் அகாடமிகள் சேர்ந்து கோடைக்கால ஆய்வு உதவித்தொகை வழங்குகின்றன. திருச்சியில் தேசிய வாழை ஆராய்ச்சி மையம், கோவையில் 1912 முதல் இயங்கும் கரும்பு இனப்பெருக்க நிறுவனம், புதுக்கோட்டை வம்பனில் தேசிய பயறுவகை ஆராய்ச்சி மையம் எல்லாம் நம் பக்கத்திலேயே இருக்கின்றன. நீலகிரி வெலிங்டனில் கோதுமைத் துரு நோய்க்கென்று இந்திய வேளாண் ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்டல நிலையம் இருக்கிறது. கோதுமை அதிகம் விளையாத தமிழ்நாட்டில் அது எதற்கு என்று தோன்றும். சமவெளியின் வெயிலில் அழிந்துபோகும் துருப் பூசணம் கோடையை மலைகளில் கழித்துவிட்டு மறுபடி இறங்குகிறது என்று கே.சி.மேத்தா தன் பல்லாண்டு ஆய்வில் காட்டினார். அந்த மலைகளில் நீலகிரியும் ஒன்று.

படி 4: ஒரு நோய்க்காரணியை நீங்களே பிரித்தெடுத்து நிரூபியுங்கள்

இந்தப் படியைத் தாண்டாமல் டி.என்.ஏ.வைப் பெருக்கும் பி.சி.ஆர். இயந்திரத்தைத் தொட வேண்டாம் என்றே சொல்வேன். முதுநிலை முதலாண்டில் செய்யலாம், முடிந்தால் அதற்கு முன்பே.

மாதிரி எடுப்பதிலிருந்து தொடங்குகிறது. செடியைப் பாலிதீன் பையில் கட்டி எடுத்து வந்தால் வியர்த்து அழுகிவிடும். காகிதப் பை அல்லது செய்தித்தாள் போதும். சீட்டில் பென்சிலால் எழுதுங்கள். ஆய்வகத்தில் ஆல்கஹால் பட்டதும் பேனா மை கரைந்து, எது எந்த ஊர் மாதிரி என்று தெரியாமல் போகும். ஊர், நாள், ரகம், பயிரின் வயது, முந்தைய பயிர், எந்தத் தண்ணீர், விவசாயி என்ன சொன்னார் எல்லாம் குறிப்பில் இருக்க வேண்டும். ஒரு தோட்டத்திலிருந்து இன்னொன்றுக்குப் போகும் முன் செருப்பையும் கத்தியையும் கழுவிச் சுத்தம் செய்யுங்கள். வாழை வாடலின் கொடிய வகையான டி.ஆர்.4 ஏற்கெனவே பீஹார் வரை வந்துவிட்டது. ஆராய வந்தவர் காலிலேயே நோய் அடுத்த தோட்டத்துக்குப் போகக் கூடாது.

இனி ஆய்வகம். நோய் பட்ட திசுவைச் சிறு துண்டுகளாக நறுக்கி, 1 சதவீத சோடியம் ஹைப்போகுளோரைட்டில் ஒரு நிமிடம் போல நனைத்து, கிருமி நீக்கிய நீரில் மூன்று முறை அலசி, வடிதாளில் ஒற்றி, உருளைக்கிழங்கு அகர் தட்டில் வையுங்கள். அந்த வளர்தளம் 200 கிராம் உருளைக்கிழங்கு வேகவைத்த நீர், 20 கிராம் டெக்ஸ்ட்ரோஸ், 20 கிராம் அகர் சேர்த்து ஒரு லிட்டர். ஆட்டோகிளேவில் 121 டிகிரியில் 15 முதல் 20 நிமிடம். நான்கைந்து நாளில் துண்டைச் சுற்றிப் பஞ்சு போல வளர்ச்சி தெரியும். அதிலிருந்து ஒற்றை வித்தணுவை (ஸ்போர்) எடுத்துத் தனியாக வளர்த்தால்தான் அது தூய வளர்ப்பு.

இங்கேதான் நான் நான்கு மாதத்தை இழந்தேன். முதுநிலை ஆய்வுக்காக ஒரு அழுகல் நோயை எடுத்திருந்தேன். நன்றாக அழுகிய நடுப்பகுதியிலிருந்து திசு எடுத்தேன், அழகான வெள்ளைப் பூசணம் வளர்ந்தது. உடனே டி.என்.ஏ. பிரித்தேன், பி.சி.ஆர். செய்தேன், வரிசையைப் படிக்க அனுப்பினேன், பெயரும் கிடைத்தது. எல்லாம் முடிந்த பிறகுதான் அதை ஆரோக்கியமான செடிகளில் ஏற்றினேன். மூன்று வாரம் தினமும் காலையில் போய்ப் பார்த்தேன். ஒரு செடிக்கும் ஒன்றும் ஆகவில்லை. செடி செத்த பிறகு குப்பை தின்ன வந்த பூசணத்தைத்தான் நான் குற்றவாளி என்று பிடித்து வைத்திருந்தேன். டி.என்.ஏ. வரிசை பிழையில்லாமல்தான் இருந்தது. நான் பிடித்த ஆள்தான் தவறு.

திசுவை எப்போதும் நோய் முன்னேறும் விளிம்பிலிருந்து எடுங்கள், பாதி ஆரோக்கியமும் பாதி நோயுமாக இருக்கும் இடத்திலிருந்து. அங்கேதான் உண்மையான நோய்க்காரணி வேலை செய்துகொண்டிருக்கும். ராபர்ட் கோக் 19-ஆம் நூற்றாண்டில் வகுத்த விதிகளை முழுமையாகப் பின்பற்றுங்கள். நோயுற்ற செடியில் அது இருக்க வேண்டும். தூய வளர்ப்பாகப் பிரிக்க முடிய வேண்டும். நல்ல செடியில் ஏற்றினால் அதே நோய் வர வேண்டும். அந்தச் செடியிலிருந்து மறுபடி அதே உயிரி கிடைக்க வேண்டும். வைரஸ்களுக்கும், உயிருள்ள செடியில் மட்டுமே வளரும் துருப் பூசணங்களுக்கும் இதைச் சற்று மாற்றிச் செய்வார்கள். மற்றபடி விலக்கு கிடையாது.

படி 5: இப்போது மூலக்கூறு கருவிகள்

தொடங்க வேண்டியவை நான்குதான்: டி.என்.ஏ. பிரித்தல், பி.சி.ஆர்., ஜெல்லில் ஓட்டிப் பார்த்தல், கிடைத்த வரிசையை என்.சி.பி.ஐ. தரவுத்தளத்தில் 'பிளாஸ்ட்' மூலம் ஒப்பிடுதல். பூசணங்களுக்கு ஐ.டி.எஸ். என்ற பகுதியைப் பெருக்குவார்கள், ஜெல்லில் பெரும்பாலும் 500 முதல் 700 கார இணை நீளத்துக்குள் ஒரு பட்டை தெரியும். பாக்டீரியாவுக்கு 16எஸ் மரபணு. ஆனால் பியூசேரியம் போன்ற பேரினங்களில் நெருங்கிய சிற்றினங்களைப் பிரிக்க ஐ.டி.எஸ். போதாது, டெஃப்1 என்ற மரபணுவையும் படிக்க வேண்டும். 'பிளாஸ்ட்' முதலில் காட்டும் பெயரை அப்படியே எழுதிவிடுபவர்கள் அதிகம். தரவுத்தளத்தில் தவறான பெயரோடு ஏற்றப்பட்ட வரிசைகளும் இருக்கின்றன. சிற்றினத்தின் வகை மாதிரியோடு (அந்தப் பெயருக்கு ஆதாரமான மூல மாதிரி) ஒப்பிட்டு, உறவு மரம் வரைந்த பிறகே பெயர் சொல்லுங்கள்.

பி.சி.ஆர். செய்யும்போது டி.என்.ஏ. சேர்க்காத ஒரு குழாயைக் கட்டாயம் ஓட்டுங்கள். அதில் பட்டை வந்தால் வேறு டி.என்.ஏ. எங்கோ கலந்துவிட்டது என்று பொருள், அன்றைய முடிவு முழுக்கக் குப்பைக்குத்தான் போக வேண்டும். மனசு கேட்காது, ஆனாலும் போட்டுவிடுங்கள்.

கருவி எதற்கு என்று புரியவைக்க நான் எப்போதும் சொல்லும் கதை சம்பா மசூரி. பி.பி.டி. 5204 என்ற அந்த நெல்லின் சோற்றுக்கு ஆந்திராவிலும் தமிழ்நாட்டிலும் அவ்வளவு விருப்பம். ஆனால் பாக்டீரியா இலைக்கருகல் வந்தால் தாங்காது. ஹைதராபாத்தில் உள்ள சி.சி.எம்.பி. என்ற செல், மூலக்கூறு உயிரியல் ஆய்வு நிறுவனமும் நெல் ஆராய்ச்சி இயக்குநரகமும் சேர்ந்து அதற்குள் எக்ஸ்ஏ21, எக்ஸ்ஏ13, எக்ஸ்ஏ5 என்ற மூன்று எதிர்ப்பு மரபணுக்களைக் கொண்டுவந்தன. மேம்படுத்தப்பட்ட அந்த ரகம் 2008-ல் வெளியானது. மரபணு மாற்றம் இல்லை, சாதாரணக் கலப்புதான். சம்பா மசூரியோடு மறுபடி மறுபடி கலந்து, சோற்றின் குணம் மாறாமல் எதிர்ப்பை மட்டும் உள்ளே கொண்டுவந்தார்கள்.

சிக்கல் இங்கேதான். எக்ஸ்ஏ13, எக்ஸ்ஏ5 இரண்டும் ஒடுங்கு மரபணுக்கள். ஒவ்வொரு கலப்பிலும் நாற்றுக்கு அதில் ஒரு பிரதிதான் வரும். ஒரு பிரதி இருந்தால் எதிர்ப்பு வெளியே தெரியாது. கத்தரிக்கோலைப் பாக்டீரியாக் கரைசலில் முக்கி இலை நுனியை வெட்டி, இரண்டு வாரம் கழித்து ஸ்கேலால் புண்ணை அளப்பது இந்த நோய்க்கான வழக்கமான சோதனை. அந்தச் சோதனையில் மரபணு இருக்கும் நாற்றும் இல்லாத நாற்றும் ஒரே மாதிரி கருகும். இலைத்துண்டிலிருந்து டி.என்.ஏ. எடுத்து அந்த மரபணுவைக் காட்டும் டி.என்.ஏ. அடையாளமான மார்க்கரால் பார்த்தால் மட்டுமே எந்த நாற்றை வைத்துக்கொள்வது என்று தெரியும். கண்ணால் காண முடியாததைக் கருவி காட்டியது, நாற்று பிழைத்தது. எக்ஸ்ஏ13 வேலை செய்யும் விதமும் அழகானது. இந்தப் பாக்டீரியா ஒரு புரதத்தைச் செல்லுக்குள் செலுத்தி, சர்க்கரையை வெளியே விடும் செடியின் மரபணு ஒன்றை முடுக்கிவிடுகிறது. அந்த மரபணுவின் 'சுவிட்ச்' மாறியிருக்கும் வடிவம்தான் எக்ஸ்ஏ13. புரதம் வந்து உட்கார இடமில்லை, பாக்டீரியாவுக்குத் தீனி கிடைப்பதில்லை.

கணினியையும் விடாதீர்கள். ஆர் என்ற புள்ளியியல் நிரல்மொழியும் லினக்ஸ் கட்டளைகளும் தெரியாமல் இன்று ஆராய்ச்சி நகராது. 2016-ல் வங்கதேசத்தில் கோதுமைக் குலைநோய் முதன்முறை வெடித்தபோது, நோயுற்ற கதிர்களிலிருந்து எடுத்த மரபு வரிசைகளை ஆய்வாளர்கள் உடனே இணையத்தில் எல்லோருக்கும் திறந்துவிட்டார்கள். அந்தப் பூசணம் தென்னமெரிக்க வகை என்பது சில வாரங்களிலேயே தெரிந்துவிட்டது. மடிக்கணினி மட்டும் வைத்திருந்தவர்களாலும் அந்த வேலையில் கைகோக்க முடிந்தது.

படி 6: தேர்வுகள்

சுருக்கமாகச் சொல்கிறேன், விதிகள் ஆண்டுக்கு ஆண்டு மாறும், அந்தந்த அறிவிப்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். வேளாண் பாதையில் முதுநிலைக்கு இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகமான ஐ.சி.ஏ.ஆர். நடத்துவிக்கும் அகில இந்திய நுழைவுத் தேர்வும் பல்கலைக்கழகங்களின் சொந்தத் தேர்வும் உண்டு. உயிரித்தொழில்நுட்ப முதுநிலைக்கு காட்-பி என்ற நுழைவுத் தேர்வு. முனைவர் பட்டத்துக்கு சி.எஸ்.ஐ.ஆர். நெட், மத்திய உயிரித்தொழில்நுட்பத் துறையான டி.பி.டி. நடத்தும் பெட், கேட் போன்றவை. ஜே.ஆர்.எஃப். என்ற இளநிலை ஆய்வு உதவித்தொகை கிடைத்தால் முதல் இரண்டு ஆண்டு மாதம் 37,000 ரூபாய், அதன்பின் 42,000. இது 2023-ல் உயர்த்தப்பட்ட தொகை. வீட்டிலிருந்து பணம் எதிர்பார்க்க முடியாத மாணவருக்கு இந்தத் தேர்வு ஒரு கௌரவம் மட்டுமில்லை, ஐந்து ஆண்டு சுதந்திரம்.

சி.எஸ்.ஐ.ஆர். நெட் உயிர் அறிவியல் தாளில் 200 மதிப்பெண்ணில் பாதி, சி பகுதியின் 25 விடைகளில் இருக்கிறது. அந்தக் கேள்விகள் மனப்பாடத்தைச் சோதிப்பதில்லை. ஒரு சோதனையைக் கொடுத்து, என்ன முடிவு வரும் என்று கேட்கும். கோச்சிங் குறிப்புகளைவிட ஆய்வகத்தில் கை நனைத்த அனுபவம் அங்கே உதவும்.

ஆங்கிலம் பற்றி ஒரு வார்த்தை. தமிழ்வழியில் படித்து வந்தவள் நான். முதல் ஆய்வுக் கட்டுரையைப் படித்து முடிக்க ஒன்பது நாள் ஆனது. வாரம் ஒரு கட்டுரை என்று வைத்துக்கொண்டு, ஒவ்வொன்றிலும் என்ன கேள்வி, எப்படிச் சோதித்தார்கள், என்ன கண்டார்கள் என்று தமிழில் பத்து வரி எழுதினேன். ஓராண்டில் பயம் போய்விட்டது. தமிழில் எழுத முடியாத இடமெல்லாம் எனக்குப் புரியாத இடம் என்று கண்டுகொள்ளவும் அது உதவியது.

படி 7: வழிகாட்டியைத் தேர்ந்தெடுப்பது

நிறுவனத்தின் பெயரைவிட இது முக்கியம். பெயருக்காகப் போய் மூன்றாம் ஆண்டில் திரும்பி வந்தவர்களை நான் அறிவேன். கடைசி ஐந்து மாணவர்கள் எத்தனை ஆண்டில் முடித்தார்கள், இப்போது எங்கே இருக்கிறார்கள் என்று விசாரியுங்கள். கட்டுரைகளில் மாணவர் பெயர் முதலில் வருகிறதா பாருங்கள். உங்கள் காலம் முழுக்க நீடிக்கும் நிதித் திட்டம் இருக்கிறதா என்று நேரடியாகக் கேளுங்கள், நல்ல வழிகாட்டி அதற்குக் கோபப்பட மாட்டார். இப்போதுள்ள மாணவர்களை ஆய்வகத்தில் சந்திக்காதீர்கள். வெளியே டீக்கடைக்குக் கூட்டிப்போய், "அக்கா, நீங்க மறுபடி சேரணும்னா இங்கயே சேருவீங்களா?" என்று ஒரே கேள்வி கேளுங்கள். பதிலைவிட, பதில் வருவதற்கு முன் இருக்கும் மௌனத்தைக் கவனியுங்கள்.

மின்னஞ்சல் அனுப்பும்போது "மதிப்பிற்குரிய ஐயா, தங்கள் ஆய்வில் மிகுந்த ஆர்வம்" என்று ஐம்பது பேருக்கு ஒரே கடிதத்தை அனுப்ப வேண்டாம். அவருடைய ஒரு கட்டுரையைப் படித்து, அதில் உங்களுக்கு எழுந்த ஒரு கேள்வியை எழுதுங்கள். நீங்கள் பிரித்தெடுத்து நிரூபித்த நோய்க்காரணி பற்றி இரண்டு வரி சேர்த்தால், உங்கள் கடிதம் தனியாகத் தெரியும்.

படி 8: முனைவர் பட்ட ஆண்டுகள்

பயிர் உங்களுக்காகக் காத்திருக்காது. நெற்குலைநோய் பார்க்க வேண்டுமென்றால் பனி இறங்கும் மாதங்களில் வயலில் இருக்க வேண்டும். அந்த மாதத்தில் ரசாயனம் வரவில்லை, வண்டி கிடைக்கவில்லை என்றால் ஒரு முழு ஆண்டு போய்விடும். அதனால் வயல் வேலையைச் சுற்றித்தான் மற்ற வேலைகளைத் திட்டமிட வேண்டும், ஆய்வக வேலைக்கு மீதி மாதங்கள் இருக்கின்றன.

பிரித்தெடுத்த வளர்ப்புகள்தான் உங்கள் சொத்து. கிளிசராலில் மைனஸ் 80 டிகிரியில் ஒரு பிரதி, கிருமி நீக்கிய வடிதாளில் உலர்த்தி ஒரு பிரதி, வேறொரு கட்டிடத்தில் ஒரு பிரதி வையுங்கள். நீண்ட மின்வெட்டில் ஃப்ரீசர் உருகி, இரண்டாண்டுச் சேகரிப்பை ஒரே இரவில் இழந்த தோழி எனக்கு இருக்கிறாள். முக்கியமானவற்றை டெல்லியில் உள்ள ஐ.டி.சி.சி., சண்டிகரில் உள்ள எம்.டி.சி.சி. போன்ற வளர்ப்பு வங்கிகளில் வைத்து எண் வாங்குங்கள்.

வெளிநாட்டு ஆய்வகத்துக்கு வளர்ப்பை அனுப்பும் முன் 2002-ஆம் ஆண்டு உயிரியல் பன்மைச் சட்டத்தைப் படியுங்கள். அனுமதி தரும் தேசிய உயிரியல் பன்மை ஆணையம் சென்னையில்தான் இருக்கிறது. நட்பு முறையில் தபாலில் அனுப்பிவிடலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். மரபணு மாற்ற வேலை செய்தால் நிறுவனத்தின் உயிரிப் பாதுகாப்புக் குழு ஒப்புதல் வேண்டும். வெளி மரபணு சேராத சில வகை மரபணுத் திருத்தப் பயிர்களுக்கு 2022-ல் விதிகள் தளர்த்தப்பட்டன. 2025-ல் இரண்டு திருத்தப்பட்ட நெல் ரகங்கள் அறிவிக்கப்பட்டன. நோய் எதிர்ப்புக்கு இந்த வழியில் இனி நிறைய வேலை வரும்.

பணம் கட்டினால் ஒரு வாரத்தில் வெளியிடும் இதழ்கள் உங்களைத் தேடி வரும். அதில் ஒரு கட்டுரை போட்டுவிட்டால் பல ஆண்டுகள் பின்தொடரும். முதல் கட்டுரைக்கு, 1947-ல் தொடங்கிய இந்திய பயிர் நோயியல் சங்கத்தின் இதழ் போன்ற, துறைக்காரர்கள் படிக்கும் இடத்தைத் தேடுங்கள்.

படி 9: பட்டத்துக்குப் பிறகு

வேளாண் விஞ்ஞானி வேலைக்கு வேளாண் விஞ்ஞானிகள் தேர்வு வாரியமான ஏ.எஸ்.ஆர்.பி. நடத்தும் ஏ.ஆர்.எஸ். தேர்வு, வேளாண் பல்கலைக்கழகங்களில் உதவிப் பேராசிரியர், கிருஷி விக்யான் கேந்திரா என்ற வேளாண் அறிவியல் நிலையங்களில் பயிர்ப் பாதுகாப்பு நிபுணர், துறைமுகங்களிலும் விமான நிலையங்களிலும் வரும் விதைகளையும் செடிகளையும் சோதிக்கும் தாவரத் தனிமைப்படுத்தல் நிலையங்கள், விதை நிறுவனங்களின் நோய்ச் சோதனைக் கூடங்கள் எல்லாம் உண்டு. தனிமைப்படுத்தல் நிலைய வேலையைப் பலர் யோசிப்பதே இல்லை. வெளிநாட்டு நோய் ஒன்று நாட்டுக்குள் நுழையாமல் தடுக்கும் முதல் வாசல் அது.

வெளிநாட்டில் ஆய்வு தொடர மேரி க்யூரி, ஹம்போல்ட், ஃபுல்பிரைட்-நேரு உதவித்தொகைகள் இருக்கின்றன. நெதர்லாந்தின் வாகனிங்கன், இங்கிலாந்தின் நாரிச்சில் உள்ள செயின்ஸ்பரி ஆய்வகம், அமெரிக்காவின் கார்னெல், டேவிஸ் ஆகியவை இந்தத் துறைக்குப் பெயர் பெற்றவை. திரும்பி வர நினைப்பவர்களுக்கு டி.பி.டி.யின் ராமலிங்கசுவாமி உதவித்தொகை இருக்கிறது. இலங்கை வாசகர்களுக்குப் பேராதனையின் முதுநிலை வேளாண் நிறுவனமும், கிளிநொச்சியில் இயங்கும் யாழ்ப்பாணப் பல்கலைக்கழக விவசாய பீடமும் நல்ல தொடக்கம்.

நிரந்தர வேலை கிடைக்க முப்பது வயதைத் தாண்டலாம். வீட்டில் கேட்பார்கள், உறவினர்கள் கேட்பார்கள். சேரும் முன்பே குடும்பத்தோடு உட்கார்ந்து இதைப் பேசிவிடுங்கள். குறிப்பாகப் பெண்கள், திருமணப் பேச்சு வரும்போது வயல் பயணமும் இரவு ஆய்வகமும் இந்த வேலையின் பகுதி என்பதை வெளிப்படையாகச் சொல்லிவிடுங்கள். நான் சொன்னேன், கஷ்டமாகத்தான் இருந்தது, ஆனால் சொன்னது நல்லதாகப் போயிற்று.

படி 10: முடிவை வயலுக்குத் திருப்பிக் கொடுங்கள்

மாதிரி கொடுத்த விவசாயிக்கு முடிவு போய்ச் சேருவது அபூர்வம். ஆய்வேட்டில் அவர் தோட்டம் ஒரு எண்ணாக மட்டும் மிஞ்சிவிடுகிறது. நான் ஒரு பழக்கம் வைத்திருக்கிறேன். மாதிரி எடுத்த ஒவ்வொருவருக்கும் ஒரு பக்கத்தில், தமிழில், என்ன நோய், எதனால் வந்தது, அடுத்த பருவத்தில் என்ன செய்யலாம் என்று எழுதிக் கொண்டுபோய்க் கொடுப்பேன்.

லால்குடித் தோட்டத்துக்குப் போனபோது அவர் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தார். இந்தப் பூசணம் மண்ணில் இருபது ஆண்டுக்கு மேலும் கிடக்கும், அதனால் அதே இடத்தில் மறுபடி ரஸ்தாளி வேண்டாம், நீர் நிற்க நெல் போட்டுவிட்டு அப்புறம் பூவன் வையுங்கள், கன்றை நோய் வந்த தோட்டத்திலிருந்து எடுக்காதீர்கள் என்று சொன்னேன். காகிதத்தை இரண்டு முறை படித்தார். "இருவது வருசமா?" என்று கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் வரப்பையே பார்த்தார். பிறகு, "கீழண்டைத் தோட்டத்துலயும் நாலு மரம் பழுத்திருக்கும்மா, வா, அதையும் பாத்துட்டுப் போ" என்று அரிவாளை எடுத்துக்கொண்டு முன்னால் நடந்தார்.